தெரிவும் காப்பும்: மென்பொருள் அமைப்புகளும் ‘பாவனையாளர் தவறு’ என்னும் கருத்தாக்கமும்

1

கருவி ஒவ்வொன்றும் அதனைப் பயன்படுத்துவோர் பற்றிய ஓர் எடுகோளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. மண்வெட்டியின் பிடி, அதனைப் பற்றப்போகும் கையினது அளவையும் வலுவையும் முன்கூட்டியே கருதிக்கொள்கின்றது. கணினி மென்பொருளோ கையை மாத்திரமன்றிப் பாவனையாளரின் அறிவு, கவனம், பொறுப்பு ஆகியவற்றையும் கருதிக்கொள்கின்றது. மென்பொருள் ஒன்றின் அமைப்புப் பக்கத்திலே எத்தெரிவு வெளிப்படக் காணப்படும், எது மறைத்து வைக்கப்படும், எதன் முன்னால் எச்சரிக்கை நிறுத்தப்படும், எது முற்றாக அகற்றப்படும் என்பன வடிவமைப்பாளரின் நுட்பப் பிரச்சினைகளாகவே பெரும்பாலும் நோக்கப்பட்டு வந்துள்ளன. அவை அதிகாரப் பங்கீடு பற்றிய தீர்மானங்களுமாகும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாவனையாளர் தம்மையறியாமல் அபாயகரமான அமைப்பொன்றைத் தெரிவு செய்துவிடாது தடுத்தல் எவ்வாறு என்னும் வினா கணினியியலிற் பழையது. அதற்குத் தரப்பட்டுள்ள விடைகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, இயல்நிலையிலேயே பாதுகாப்பான அமைப்பை வழங்குதல். இரண்டாவது, அபாயத்தை நோக்கிச் செல்பவரை எச்சரித்தல். மூன்றாவது, அபாயகரமான தெரிவையே இல்லாதொழித்தல். இவை ஒன்றிலிருந்து ஒன்றாகப் படிப்படியே வளர்ந்தனபோலத் தோன்றினும், ஒவ்வொன்றின் அடியிலும் பாவனையாளர் பற்றிய வெவ்வேறு கருத்துநிலை உண்டு. இதனை, ஃபயர்பொக்ஸ் உலாவியின் வரலாற்றில் 2013 முதல் 2019 வரை இடம்பெற்ற சில நிகழ்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு ஆராய்வோம்.

ஃபயர்பொக்ஸைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. 2004 நவம்பரில் முதலாவது முழுப்பதிப்பாக வெளிவந்த இவ்வுலாவியின் மூலநிரல் யாவர்க்கும் திறந்துள்ளது. அதன் பின்னணியிலுள்ள மொசில்லா இலாபநோக்கற்ற நிறுவகம் ஒன்றாகும். அதன் தீர்மானங்கள் பெரும்பாலும் பகிரங்க விவாதத்துக்கு உட்பட்டவை. மேலும், மொசில்லா 2007 இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் அடுத்தடுத்து இடம்பெறும் இரு கோட்பாடுகள் எமது பிரச்சினையை முழுமையாகத் தம்முள் அடக்கி நிற்கின்றன. இணையத்திலே தனிமனிதரின் பாதுகாப்பு அடிப்படையானது, அதனை விரும்பியவர் கொள்ளட்டும் என விட்டுவிடலாகாது என்பது நான்காவது கோட்பாட்டின் சாரம். தமது இணைய அனுபவத்தைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் ஆற்றல் தனிமனிதருக்கு இருத்தல் வேண்டும் என்பது ஐந்தாவதன் சாரம். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுதல் எங்ஙனம்? அறிக்கை இதற்கு விடை கூறவில்லை. விடையை நடைமுறையிலேதான் தேட வேண்டியுள்ளது.

2

2013 மார்ச் மாதத்தில், மொசில்லாவின் வடிவமைப்புப் பணியிலிருந்த அலெக்ஸ் லிமி ஒரு கட்டுரை எழுதினார். உற்பத்தியையே கொன்றுவிடும் தெரிவுப்பெட்டிகள் எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அக்கட்டுரை, அளவிற் சிறியதாயினும் இத்துறையிற் பரவலாக வாசிக்கப்பட்டது. ஃபயர்பொக்ஸின் அமைப்புப் பலகத்திலே, படங்களைத் தானாக ஏற்றுவதற்கென ஒரு பெட்டி இருந்தது. அதன் அடையாளத்தை நீக்கியவருக்கு வலைப்பக்கங்களின் படங்கள் யாவும் மறைந்துவிடும். யாவாஸ்கிரிப்ற்றை இயக்குவதற்கென இன்னொரு பெட்டி இருந்தது. அதனை நீக்கியவருக்குப் பெருவாரியான தளங்கள் செயலற்றுப்போகும். மறைகுறியாக்க நெறிமுறைகளை நிறுத்திவிடும் பெட்டிகளும் இருந்தன. அவற்றை நீக்கியவர் தமது அஞ்சலையோ வங்கியையோ அணுக முடியாதவராவார். இத்தகையவர், தாம் எப்பொழுதோ நீக்கிய ஓர் அடையாளத்தை நினைவுகூர்ந்து அதுவே காரணமெனக் கண்டறிவார் என எதிர்பார்த்தல் பொருந்தாது. உலாவி கெட்டுவிட்டது என்றே அவர் முடிவு செய்வார். பல கோடி மக்கள் கையாளும் உற்பத்தி ஒன்றில், அதனை ஒரே சொடுக்கிற் பயனற்றதாக்கும் பெட்டிகளை ஏன் வைத்திருத்தல் வேண்டும் என்பதே லிமி எழுப்பிய வினா.

இவ்வாதத்தின் முற்போக்கான உட்கருவை முதலிலே இனங்காணுதல் வேண்டும். தவறு செய்த பாவனையாளரைக் குறைகூறுவதை விடுத்து, தவறுக்கு இடமளித்த வடிவமைப்பையே அது குற்றக் கூண்டில் நிறுத்துகின்றது. இச்சிந்தனைக்கு நீண்ட மரபு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் பி-17 ரக விமானங்களை ஓட்டியோர், தரையிறங்கிய பின்னர் இறக்கை மடிப்புகளை உயர்த்துவதற்குப் பதிலாகச் சக்கரங்களை உள்ளிழுத்துவிடும் விபத்துகள் நேர்ந்தன. ஓட்டிகளின் கவனக்குறைவெனக் கருதப்பட்ட இதனை அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளவியலாளர் ஆராய்ந்தார். இரண்டுக்குமுரிய ஆளிகள் ஒரே வடிவினவாய் அருகருகே அமைந்திருந்தமையே காரணமென அவர் கண்டார். ஒன்றுக்குச் சில்லு வடிவிலும் மற்றொன்றுக்கு ஆப்பு வடிவிலும் பிடியமைத்தல் அவர் காட்டிய தீர்வு. ஓட்டியின் கை, கண்ணின் உதவியின்றியே வேறுபாட்டை உணர்ந்துகொண்டது. மனிதத் தவறு எனப்பட்டது வடிவமைப்புத் தவறாக இனங்காணப்பட்டமை அறிவு வளர்ச்சியில் ஒரு முக்கிய திருப்பமாகும்.

கணினிப் பாதுகாப்பிலும் இதற்கிணையான கோட்பாடு தோன்றியது. 1975 இல் ஜெரோம் சோல்ற்சர், மைக்கல் சுறோடர் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை எட்டு வடிவமைப்பு நெறிகளைத் தொகுத்துரைத்தது. அனுமதி வெளிப்படையாக வழங்கப்பட்டாலன்றி மறுப்பே இயல்நிலையாதல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. காப்பேற்பாடுகள் மனித மனத்துக்கு இயைந்தனவாய், எளிதிற் சரியாகக் கையாளத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பது இன்னொன்று.

இயல்நிலை எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு விண்டோஸ் எக்ஸ்பி தக்க சான்று. 2001 இல் வெளிவந்த அவ்வியங்குதளத்தில் தீச்சுவர் ஒன்று இருக்கவே செய்தது. எனினும் அது இயல்நிலையிற் பொதுவாக நிறுத்தப்பட்டிருந்தது. அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில் அதனைத் தேடிச்சென்று இயக்கியோர் சிலரே. 2003 ஓகஸ்டில் பிளாஸ்ரர் என்னும் கணினிப் புழு உலகெங்கும் பரவியது. 2004 ஓகஸ்டில் வெளியான இரண்டாவது சேவைத்தொகுதி தீச்சுவரை இயல்நிலையிலேயே இயங்கச் செய்தது. இங்கு பாவனையாளரின் அறிவு உயரவில்லை. தீர்மானத்தின் சுமை உரிய இடத்துக்கு மாற்றப்பட்டது. அவ்வளவில் லிமியின் வாதம் இம்மரபின் வழிவந்ததே. அதனை நாம் முழுமனத்தோடு ஏற்கலாம்.

3

ஆயின் வாதம் நடைமுறையானபோது நிகழ்ந்தது வேறு. 2013 ஓகஸ்ட் 6 ஆம் நாள் வெளியான ஃபயர்பொக்ஸ் 23 ஆம் பதிப்பிலே, படங்களுக்கான பெட்டியும் யாவாஸ்கிரிப்ற்றுக்கான பெட்டியும் அமைப்புப் பலகத்திலிருந்து அகற்றப்பட்டன. அத்துடன், யாவாஸ்கிரிப்ற்றை முன்னரே நிறுத்தி வைத்திருந்தோரின் தெரிவும் இயல்நிலைக்கு மீளமைக்கப்பட்டது. வெளியீட்டுக் குறிப்பில் இது கூறப்பட்டிருந்தது என்பது உண்மை. எனினும், வெளியீட்டுக் குறிப்புகளை வாசிப்போர் எத்தனைபேர்? அமைப்புகளின் விளைவைப் பாவனையாளர் அறியார் என்பதை அடிப்படையாகக் கொண்டு அகற்றலை நியாயப்படுத்துவோர், அவர் வெளியீட்டுக் குறிப்பை மாத்திரம் வாசித்தறிவார் எனக் கொள்வது முரண்பாடாகும்.

தெரிந்தே செய்த தெரிவையும் தெரியாது செய்த தெரிவையும் இம்மாற்றம் வேறுபடுத்தவில்லை என்பதே இங்கு விதந்து கூறற்பாலது. தற்செயலாக அடையாளத்தை நீக்கியவர் மீட்கப்பட்டார். பாதுகாப்புக் கருதி நன்கு ஆராய்ந்து நீக்கியவரோ தம்மையறியாமலே பாதுகாப்பிழந்தார். அபாயகரமான அமைப்பைத் தற்செயலாகத் தெரிதலினின்றும் காத்தற்கென வகுக்கப்பட்ட ஏற்பாடு, அத்தகையவரை அவர் தெரியாத அமைப்பொன்றுக்குத் தற்செயலாகவே இட்டுச் சென்றது.

இது வெறும் ஏரணப் புதிரன்று. அதே வாரத்தில், ஓகஸ்ட் 4 ஆம் நாளளவில், ரோர் வலையமைப்பின் மறைதளங்கள் சிலவற்றில் தாக்குதல் நிரல் வைக்கப்பட்டிருந்தமை வெளியாயிற்று. ஃபயர்பொக்ஸின் நீடித்த ஆதரவுப் பதிப்பான 17 ஐ அடியாகக் கொண்ட ரோர் உலாவியின் இற்றைப்படுத்தப்படாத பதிப்புகளிலிருந்த ஒரு குறைபாட்டை அந்நிரல் பயன்படுத்தியது. யாவாஸ்கிரிப்ற்றின் வழியாகவே அது இயங்கியது. ரோர் உலாவியில் யாவாஸ்கிரிப்ற் இயல்நிலையில் இயக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான தளங்கள் இயங்காவிடின் மக்கள் அவ்வுலாவியையே கைவிடுவர் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். அதனை நிறுத்தி வைத்திருந்தோரை அத்தாக்குதல் தீண்டவில்லை. அத்தளங்கள் சிலவற்றின் குற்றவியற் பின்னணி எமது ஆய்வுக்கு வெளியேயுள்ளது. எமக்கு வேண்டுவது ஒன்றே: ஒரே பெட்டி, ஒருவருக்கு உற்பத்தியைக் கொல்லும் பொறியாகவும் இன்னொருவருக்கு அடையாளத்தைக் காக்கும் கவசமாகவும் இருக்கலாயிற்று.

எனவே அபாயம் என்பது அமைப்பின் உள்ளார்ந்த குணமெனக் கொள்வது பிழை. அமைப்புக்கும் பாவனையாளரின் வாழ்நிலைக்கும் இடையிலான உறவிலேயே அது பிறக்கின்றது. லிமியின் கட்டுரையில் வரும் பாவனையாளர் ஒரு சராசரி. அவருக்கு வர்க்கமில்லை, நாடில்லை, தொழிலில்லை. படங்களை நிறுத்தும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். வேகமான, அளவு வரையறையற்ற இணைப்புடையவருக்கு அப்பெட்டி பொருளற்ற பழம்பொருள். தரவின் அளவுக்கேற்பப் பணஞ்செலுத்தும் கைபேசிப் பாவனையாளருக்கோ, எமது நாட்டு மாணவர் பலர் உட்பட, படம் ஒவ்வொன்றும் ஒரு செலவினம். செலவைக் குறைக்கும் கருவியை அபாயமென வரையறுக்கும் உரிமை யாரிடமிருந்து பெறப்பட்டது என நாம் கேட்டல் வேண்டும்.

நீட்சிகளை நிறுவியோ உட்பக்கம் ஒன்றிலே மாற்றஞ்செய்தோ இவ்வசதிகளைத் தொடர்ந்தும் பெறலாமே என மறுமொழி கூறப்பட்டது. கூற்று உண்மையே. ஆனால் அதன் விளைவு யாது? முன்னர் யாவர்க்கும் புலப்பட்டுநின்ற தெரிவு, வழியறிந்தோருக்கே உரியதாயிற்று. பொதுவான அறிவு குழுமம் ஒன்றின் மறைபொருளாகும் போக்கினை இங்கு காண்கின்றோம்.

4

அந்த உட்பக்கம் தனியே ஆராயத்தக்கது. முகவரிப் பட்டியில் ‘எபவுற்: கொன்ஃபிக்’ எனத் தட்டெழுதினால் திறக்கும் அப்பக்கத்திலே, உலாவியின் நுண்ணமைப்புகள் பட்டியலாகக் கிடக்கின்றன. அதன் வாயிலில் வைக்கப்பட்ட எச்சரிக்கையை ஓர் இலக்கியப் பனுவலை வாசிப்பதுபோல வாசித்தல் பயனுடையது. நெடுங்காலமாக அவ்வாயிலில், இதனைச் செய்தால் உமது உத்தரவாதம் இழக்கப்படலாம் என்னும் கருத்துடைய தலைப்பு இருந்தது. அதன் கீழ், கவனமாயிருப்பேன் என வாக்களிக்கிறேன் என்னும் பொருள்பட ஒரு பொத்தான் இருந்தது. விலையின்றி வழங்கப்படும் திறந்த மூலநிரல் மென்பொருளுக்கு உத்தரவாதம் ஏது? அது நகைச்சுவை. நகைச்சுவையை விளங்கிக்கொள்பவர் ஏலவே உள்ளிருப்பவர். விளங்காதவர் அஞ்சித் திரும்புவார், அல்லது பொருளறியாமலே வாக்களிப்பார். இருவகையிலும் அவர் புதிதாக எதனையும் அறிந்துகொள்ளவில்லை.

பின்னர் அப்பொத்தானின் வாசகம், அபாயத்தை ஏற்கிறேன் என்னும் பொருளுடையதாக மாற்றப்பட்டது. 2019 டிசெம்பரில் வெளியான 71 ஆம் பதிப்பில் அப்பக்கமே புதிதாக ஆக்கப்பட்டது. உயர்நிலை அமைப்புகளை மாற்றுதல் உலாவியின் செயற்றிறனையோ பாதுகாப்பையோ பாதிக்கலாம் என்ற நேர்மையான கூற்று வந்து சேர்ந்தது. அபாயத்தை ஏற்றுத் தொடர்தல் பொத்தானின் வாசகமாயிற்று. பகடி போய்த் தெளிவு வந்தமை வரவேற்கத்தக்கதே. எனினும் எச்சரிக்கையின் இலக்கணம் மாறவில்லை என்பதை அவதானித்தல் வேண்டும். எவ்வமைப்பு, எவ்வகை அபாயம், எவ்வாறு மீளலாம் என்பவை அங்கில்லை. ஆயிரக்கணக்கான அமைப்புகளுக்கு ஒரே எச்சரிக்கை. முதலில் வாக்குறுதி, பின்னர் பொறுப்பேற்பு என்ற வரிசை, நட்புரிமைப் பேச்சிலிருந்து ஒப்பந்தப் பேச்சுக்கு மாறியமையைக் காட்டுகின்றது. ஒப்பந்தத்தின் மறுதரப்பில் இருப்பவர் எதனை ஏற்றுக்கொண்டார் என்பதோ சொல்லப்படவில்லை.

எச்சரிக்கைகளைப் பாவனையாளர் வாசிப்பதேயில்லை என்பது கணினித் துறையில் வழங்கும் ஒரு முறைப்பாடு. 2013 இல் தேவதத்த அக்காவேயும் ஏட்ரியன் போற்றர் ஃபெல்ற்றும் வெளியிட்ட ஆய்வு இம்முறைப்பாட்டை மறுபரிசீலனை செய்ய வைத்தது. குரோம், ஃபயர்பொக்ஸ் ஆகிய உலாவிகளில் தோன்றிய 2.5 கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் அவ்வாய்வுக்கு உட்பட்டன. தளச்சான்றிதழ் பற்றிய எச்சரிக்கைகளைக் குரோம் பாவனையாளர் 70.2 வீதமானவற்றிற் புறக்கணித்துச் சென்றனர். ஃபயர்பொக்ஸில் அது 33 வீதம் மாத்திரமே. இரு உலாவிகளின் பாவனையாளர் கூட்டம் வேறுபட்டமையும், விதிவிலக்குகளை நினைவில் வைத்துக்கொள்ளும் முறை வேறுபட்டமையும் இதற்குக் காரணங்களுள் அடங்கும். ஆயினும் எச்சரிக்கையின் உருவம் நடத்தையைப் பெரிதும் பாதிக்கின்றது என்ற முடிவைத் தவிர்க்க இயலாது. வாசிப்பதில்லை என்பது மக்களின் இயல்பாயின் இத்துணை வேறுபாடு தோன்றியிராது. எச்சரிக்கை பயனற்றுப்போனால், அதனை எழுதியவரும் விடை கூறவேண்டியவராகின்றார்.

எச்சரிக்கையின் பெருக்கம் எதிலே சென்று முடியும் என்பதற்குக் கணினி வரலாற்றில் ஒரு துயர உதாரணம் உண்டு. கனடாவில் ஆக்கப்பட்ட தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவ இயந்திரத்தினால், 1985 யூன் முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளர் மிகையான கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அவர்களுட் குறைந்தது மூவர் அதனால் இறந்தனர். கோளாறு நேர்ந்தபோது திரையிலே கோளாறு என்ற சொல்லும் ஓர் இலக்கமும் தோன்றின. இலக்கத்தின் பொருளை இயக்குநருக்கு அளிக்கப்பட்ட கையேடு விளக்கவில்லை. இத்தகைய செய்திகள் அடிக்கடி தோன்றிப் பழகியிருந்தமையால், ஒரு விசையை அழுத்தித் தொடர்வது இயக்குநரின் வழக்கமாயிற்று. நான்சி லெவ்சன், கிளார்க் ரேணர் ஆகியோர் 1993 இல் வெளியிட்ட விரிவான ஆய்வு ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. முந்திய இயந்திரமான தெராக்-20 இன் மென்பொருளிலும் ஒத்த பிழையொன்று இருந்தது. ஆனால் அவ்வியந்திரத்திலே, மென்பொருளிலிருந்து வேறான வன்பொருட் பூட்டுகள் இருந்தன. பிழை உயிரைக் குடிக்கவில்லை. புதிய இயந்திரத்திற் பூட்டுகள் நீக்கப்பட்டு, அவற்றின் கடமை மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. மெய்யான தடை அகற்றப்பட்ட இடத்திலே விளங்காத எச்சரிக்கையே எஞ்சியது. இறுதி விசையை அழுத்தியவர் இயக்குநர் என்பதனால் அவரைக் குற்றவாளியாக்குவது எத்துணை அநீதி என்பதை விளக்க வேண்டியதில்லை.

5

எச்சரிக்கை பயன்தராது, மெய்யான தடையே வேண்டும் என்ற முடிவுக்கு இவ்வுதாரணம் எம்மை இட்டுச் செல்வதுபோலத் தோன்றலாம். மொசில்லாவும் ஒரு விடயத்தில் அத்திசையிற் சென்றது. பாவனையாளர் அறியாமலே தேடுபொறியை மாற்றியும் விளம்பரங்களைப் புகுத்தியும் வந்த தீய நீட்சிகளைத் தடுக்கும் பொருட்டு, தான் கையொப்பமிட்ட நீட்சிகளே இயங்கும் என 2015 பெப்ரவரியில் அது அறிவித்தது. 2015 டிசெம்பரில் வெளியான 43 ஆம் பதிப்பில் இது நடைமுறைக்கு வந்தது. அப்பொழுது உட்பக்கத்திலுள்ள ஓர் அமைப்பை மாற்றி அக்கட்டுப்பாட்டை நீக்கலாம். 2016 ஓகஸ்டில் வெளியான 48 ஆம் பதிப்பிலிருந்து பொதுப்பதிப்பில் அவ்வழியும் அடைக்கப்பட்டது. காரணம் வலுவானதே: பாவனையாளர் மாற்றக்கூடிய அமைப்பைத் தீய மென்பொருளும் மாற்றக்கூடும்.

2019 மே 4 ஆம் நாள், அக்கையொப்பங்களுக்கு ஆதாரமான இடைநிலைச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. அதனைப் புதுப்பிக்க வேண்டியது மொசில்லாவின் கடமை, அது தவறவிடப்பட்டது. உலகெங்கும் ஃபயர்பொக்ஸ் பாவனையாளரின் நீட்சிகள் செயலிழந்தன. கடவுச்சொற்களைக் காத்தவை, விளம்பரங்களைத் தடுத்தவை, கண்காணிப்பைத் தவிர்த்தவை எல்லாம் ஒருங்கே நின்றன. இங்கு தவறிழைத்தவர் பாவனையாளரல்லர். தவறினின்றும் அவரைக் காக்கவென எழுப்பப்பட்ட அமைப்பே தவறிழைத்தது. வாயிற் கதவின் திறவுகோல் காவலரிடம் மாத்திரமே இருந்தது, அக்காவலர் உறங்கிவிட்டார்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. மொசில்லா விரைந்து செயற்பட்டு முதற் திருத்தத்தைத் தனது பரிசோதனைத் திட்டத்தின் வழியாக அனுப்பியது. அத்திட்டம், தரவு அனுப்புதலுக்கு இசைந்திருந்தோருக்கே எட்டும். தனியுரிமை கருதி அதனை நிறுத்தியிருந்தோர், திருத்தம் வேண்டின் அதனை இயக்கவேண்டியவராயினர். அல்லது மே 5 ஆம் நாள் வெளியான 66.0.4 பதிப்புக்குக் காத்திருக்க வேண்டியவராயினர். அவ்விடைக்காலத்திற் சேர்ந்த தரவுகளை அழித்துவிடுவதாக மொசில்லா பின்னர் அறிவித்தமை பாராட்டத்தக்கது. எனினும் தம் தெரிவைக் கவனமாகச் செய்திருந்தோரே இங்கும் பின்தள்ளப்பட்டனர்.

ரோர் உலாவியில் நிலைமை மேலும் கடுமையானது. யாவாஸ்கிரிப்ற்றைக் கட்டுப்படுத்தும் நோஸ்கிரிப்ற் என்னும் நீட்சி அவ்வுலாவியின் பாதுகாப்புக்குத் தூணாக அமைந்தது, அதுவும் செயலிழந்தது. புதிய பதிப்பு வரும்வரைக்கும், உட்பக்கத்துக்குச் சென்று கையொப்பக் கட்டுப்பாட்டை நிறுத்துமாறும், பின்னர் மறவாது மீள இயக்குமாறும் ரோர் திட்டத்தினர் தம் பாவனையாளருக்கு அறிவுரை கூறினர். நீடித்த ஆதரவுப் பதிப்பை அடியாகக் கொண்டிருந்தமையால் அவ்வழி அங்கு திறந்திருந்தது. அபாயத்தின் வாயில் எனப் பெயரிடப்பட்ட அதே பக்கம், அந்நாள்களில் அபாயத்தினின்றும் தப்பும் வாயிலாயிற்று. வழி முற்றாக அடைக்கப்பட்டிருந்த பொதுப்பதிப்பின் பாவனையாளருக்குக் காத்திருத்தல் ஒன்றே எஞ்சியது. தடை எவ்வளவு மெய்யானதோ, அதன் தோல்வியும் அவ்வளவு முழுமையானது.

இந்நிகழ்ச்சியிலிருந்து மொசில்லாவின் தடை தேவையற்றது என்ற முடிவைப் பெறுதல் அவசர புத்தியாகும். தீய நீட்சிகளால் இடருற்றோர் பெரும்பாலும் அறிவு வசதி குறைந்தோரே. அவர்களைத் தம் விதிக்கு விட்டுவிடுவதைச் சுதந்திரம் எனப் போற்றுவது, வலியோரின் வசதிக்குத் தத்துவப் பெயரிடுவதாகும். தடையை அமைத்தவர் தம்மைத் தவறாதவரெனக் கருதிக்கொண்டமையே இங்கு விமர்சிக்கப்பட வேண்டியது. பாவனையாளர் தவறுவார் என்பதற்கு வடிவமைப்பு இருந்தது. வடிவமைப்பாளர் தவறுவார் என்பதற்கு வடிவமைப்பு இருக்கவில்லை.

6

இவ்விடத்தில் மொழி பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். எச்சரிக்கை ஒரு மொழிச்செயல். அது விளங்காவிடின் நிகழவேயில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பாவனையாளர் பலர் இவ்வெச்சரிக்கைகளைப் பள்ளியிலே கற்ற இரண்டாம் மொழியில் எதிர்கொள்கின்றனர். ஃபயர்பொக்ஸ் முதலிய சில மென்பொருள்கள் தன்னார்வலர் உழைப்பினால் தமிழிலும் கிடைக்கின்றன. அவ்வுழைப்பு மதிக்கத்தக்கது. ஆயினும் மூலத்திலேயே பொருள் மங்கலாகவுள்ள எச்சரிக்கை, மொழிபெயர்ப்பில் மேலும் மங்குவது இயல்பே. உத்தரவாதம் பற்றிய பகடியைத் தமிழாக்கினால் அது சட்ட மிரட்டலாகவே ஒலிக்கும். கலைச்சொல்லாக்கம் பற்றி நாம் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றோம். ஒரு கலைச்சொல் வாசகரைச் செயலுக்கு வழிப்படுத்துகின்றதா என்ற அளவுகோலை அவ்விவாதத்தில் நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. விண்டோஸின் தீச்சுவர் இயல்நிலையில் நிறுத்தப்பட்டிருந்தது என்ற கூற்றைக் கேட்கும் ஒருவர், தமது கணினியில் உடனே எதனைச் சரிபார்க்க வேண்டும் என்பதை அதிலிருந்து அறிந்துகொள்ள முடிதல் வேண்டும். இது மொழித்தூய்மை பற்றிய பிரச்சினையன்று. பாதுகாப்புப் பற்றிய பிரச்சினை.

7

இதுவரை கூறியவற்றிலிருந்து, காப்பேற்பாடு ஒன்றை மதிப்பிடுதற்குச் சில அளவுகோல்களை வகுக்கலாம்.

முதலாவது, இயல்நிலை அமைப்பு மிகக்குறைந்த அறிவும் மிகக்குறைந்த நேரமும் உடையவரைக் கருதி அமைதல் வேண்டும். 2016 இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இடப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்–கடவுச்சொல் இணைகளைக் கொண்டே கண்காணிப்புக் கமராக்களையும் வழிச்செலுத்திகளையும் பெருந்தொகையிற் கைப்பற்றியது. கடவுச்சொல்லை மாற்றாத கொள்வனவாளர் மீது அக்குற்றத்தைச் சுமத்துவது, உற்பத்தியாளரைத் தப்பவிடுவதாகும்.

இரண்டாவது, தெரிந்து செய்த தெரிவு மதிக்கப்படல் வேண்டும். அதனை மாற்றவேண்டிய தேவை எழின், மாற்றப்படுகின்றது என்பது பாவனையாளரின் கண்முன்னே, செயல் நிகழும் இடத்திலேயே கூறப்படல் வேண்டும்.

மூன்றாவது, எச்சரிக்கை குறித்த அமைப்புக்கும் குறித்த விளைவுக்கும் உரியதாதல் வேண்டும். மீளும் வழியும் அதிலேயே இருத்தல் வேண்டும். மீளக்கூடிய செயலுக்கு எச்சரிக்கையைவிட மீள்வழியே சிறந்த காப்பு. தற்செயலாகப் படங்களை நிறுத்தியவருக்கு வேண்டியிருந்தது, பெட்டி இல்லாமற்போவதன்று. படங்கள் நிறுத்தப்பட்டுள்ளன, மீள இயக்கலாம் என்று பக்கத்தின் ஓரத்திற் தோன்றும் ஒரு வரி. லிமியின் கட்டுரை சுட்டிய நோய் மெய்யானது. தேர்ந்தெடுக்கப்பட்ட மருந்து மாத்திரமே மிகையானது.

நான்காவது, மீளமுடியாத கேட்டை விளைவிக்கும் இடங்களில் மெய்யான தடை வேண்டும். தெராக்-25 இன் பாடம் அது. ஆயின் தடையை அமைத்தவரின் தவறுக்கும் ஒரு மாற்றுவழி வகுக்கப்படல் வேண்டும். அது தீய மென்பொருளுக்கு எட்டாததாயும், மனிதருக்கு எட்டுவதாயும், பயன்படுத்தப்பட்டபின் தானே மூடிக்கொள்வதாயும் அமைதல் இயலாத காரியமன்று.

ஐந்தாவது, எத்தெரிவு அகற்றப்படலாம் என்ற தீர்மானத்தில், அத்தெரிவைப் பயன்படுத்துவோரின் குரலுக்கு இடமிருத்தல் வேண்டும். எத்தனைபேர் பயன்படுத்துகின்றனர் என்ற கணக்கு மாத்திரம் போதாது. ஏன் பயன்படுத்துகின்றனர் என்பதை எண்ணிக்கை கூறாது. தரவு அனுப்புதலை நிறுத்தியவர் அக்கணக்கிலேயே இடம்பெறார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

2020 இல் அண்ட்ரொயிட் கைபேசிகளுக்கெனப் புதிதாக ஆக்கப்பட்டு வெளிவந்த ஃபயர்பொக்ஸின் பொதுப்பதிப்பிலே உட்பக்கம் மூடப்பட்டது. பரிசோதனைப் பதிப்புகளில் மாத்திரம் அது திறந்திருந்தது. 2019 மே மாதத்தின் அனுபவம் அத்தீர்மானத்தைத் தடுக்கவில்லை. கணினியை மேசையில் வைத்துப் பழகிய தலைமுறையைவிடக் கைபேசியினூடாகவே இணையத்தை முதன்முதல் அறியும் தலைமுறை எமது சமூகத்திற் பெரிது. அத்தலைமுறைக்கு அமைப்புப் பக்கம் என்பது எதனை மாற்றலாம் என்பதைக் கற்கும் இடமாக இருக்குமா, அல்லது எதனை மாற்றலாகாது என்று பிறர் முடிவுசெய்தபின் எஞ்சியவற்றின் பட்டியலாக இருக்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை. மென்பொருளாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளவிருக்கும் எமது பல்கலைக்கழக மாணவர், தாம் வரையும் தெரிவுப்பெட்டி ஒவ்வொன்றிலும் இவ்வினாவுக்கு விடையளிக்கின்றனர். அவ்விடையை அறிந்தே அளித்தல் அவர்தம் கடமையாகும்.